பிபிசி மைக்ரோவில் தமிழ் எழுத்து: மூன்றாவது வாரம்

மத்திய அரசு 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில்தான் நம் பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. நான் முதலில் தொட்ட கம்ப்யூட்டர் அதுதான். அதில் தமிழ் எழுத்து வரவைக்க வேண்டும் என்பது அந்த நாள் ஆசை.

முதல் இரண்டு வாரமும் லேப்டாப்பில் பீப்எம் எமுலேட்டரில்தான் (அந்த பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வேலை. எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டம். வரிசைக்கு ஓர் எண், எந்தெந்தப் புள்ளி எரிய வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். எழுத்தை வரையறுக்கும் கட்டளை விடியூ 23, எழுத்துக்கான இடத்தின் எண் 224 என்று தொடங்கி 66-ஐ ஆறு தடவையும் கடைசியில் 126, 0-வும் கொடுத்தால் ‘ப’ தயார். ‘ட’வும் சுலபம். ‘ண’ மட்டும் ஒரு கட்டத்துக்குள் அடங்கவே இல்லை, இரண்டைச் சேர்த்துக்கொண்டேன். 224 முதல் 255 வரை இருப்பதே 32 இடம், அதில் இது பெரிய செலவு. தப்பானால் சேமித்த நிலைக்கு நொடியில் திரும்பலாம் என்பதால் பயமில்லாமல் மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்தது.

பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்தது போன வாரம். போட்டு அரை மணி நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், புகை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பவர் சப்ளையில் 230 வோல்ட் நுழையும் இடத்திலிருக்கும் கெபாசிட்டர் வயதாகி வெடித்திருந்தது. பக்கத்திலிருந்த மற்றொன்றையும் சேர்த்து 0.1, 0.01 மைக்ரோஃபாரட் இரண்டையும் புது எக்ஸ்2 ரகத்தில் (மின் இணைப்புக்கு நேராகப் போடத் தகுந்த பாதுகாப்பு ரகம்) மாற்றினேன். மறுபடி போட்டதும், மெஷின் உயிர் பெறும்போது எழுப்பும் அந்த ‘பூ-பீப்’ சத்தம் வந்தது. கண் கலங்கிவிட்டது.

சரி, பழைய குண்டு டிவியில் ‘ப’வைப் போட்டால், கீழ்க்கோடு பளிச்சென்று இருக்க, நிற்கிற இரண்டு கால்களும் சாம்பலாகத் தெரிந்தன. கிடைக்கோட்டில் புள்ளிகள் தொடர்ச்சியாக வருகின்றன. காலிலோ ஒற்றைப் புள்ளி. முழு வெளிச்சத்துக்கு ஏறுவதற்குள் அது கடந்துபோய்விடுகிறது. மெஷினிலேயே இருக்கும் ஆங்கில ‘எச்’சைப் பார்த்தேன்: காலுக்கு இரண்டிரண்டு புள்ளி, எண் 102. என் 66-ஐ 102 ஆக்கினேன். ‘ப’ நிமிர்ந்து நின்றது! அதே எழுத்து லேப்டாப்பில் கொஞ்சம் தடித்துத்தான் தெரிகிறது, ஆனால் எனக்கு டிவியில் தெரிவதுதான் கணக்கு.

ஆகவே நிரல் எழுதுவது, திருத்துவது எல்லாம் எமுலேட்டரில். எழுத்தின் வடிவத்தை முடிவு செய்வது குண்டு டிவியில் பார்த்துத்தான். ‘ட’வையும் ‘ண’வையும் இரட்டைப் புள்ளிக்கு மாற்றியாயிற்று. ‘ழ’வின் அடிச்சுழி இன்னும் பிடிபடவில்லை, இரண்டு கட்டம் கொடுத்தும் கீழே இடம் போதவில்லை.