ஒரு பள்ளி, ஐந்து படிவங்கள்

எங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதியை, அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் நிதியை, கவனிக்கும் பொறுப்புக்கு நான் வந்தபோது, அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்து, பயனடைந்த மாணவர் எண்ணிக்கையை இயக்குநர் குழுவுக்கு அனுப்பினால் கடமை முடிந்தது என்றே நம்பினேன். கட்டிய இரண்டாம் ஆண்டிலேயே அவற்றில் சில பூட்டிக் கிடந்தன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்க, முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்திருக்கிறது. அந்தக் குழுவை வலுப்படுத்தும் தொண்டு நிறுவனத்துக்கு நிதி கொடுத்தால் எதை எண்ணிக் கணக்குக் காட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை.

இதே தவிப்பில் இருந்த ஐந்து கொடையாளர்கள் சென்னையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினோம். முதல் இரண்டு கூட்டங்களில் அவரவர் வெற்றிகளையே பேசினோம். மூன்றாவதில், குடும்ப அறக்கட்டளை ஒன்றை நடத்தும் அம்மையார் பாதியில் நின்றுபோன தமது திட்டத்தின் கோப்பை மேசையில் விரித்து, அரை மணி நேரம் யாரும் யோசனை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கும்படி வேண்டினார். உண்மையில் எங்கள் கற்றல் அன்றுதான் தொடங்கியது.

அடுத்த கூட்டத்துக்கு, எங்கள் ஐவரிடமும் நிதி பெறும் தொண்டு நிறுவனத்தின் கணக்காளரை, அவருடைய நேரத்துக்குரிய தொகையைக் கொடுத்து அழைத்திருந்தோம். அவர் எங்கள் ஐந்து அறிக்கைப் படிவங்களையும் வரிசையாக அடுக்கினார். ஒருவர் நிதியாண்டுக் கணக்குக் கேட்டிருந்தார், இன்னொருவர் காலண்டர் ஆண்டுக் கணக்கு, பள்ளியோ ஒன்றுதான். "மாசத்துல பாதி நாள் இதுக்கே போயிடுது சார்" என்று அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

சிஎஸ்ஆர் பணத்தை ஓராண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது என்று நான் அதுவரை சொல்லி வந்தேன். தொடங்கும் ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் திட்டத்தை 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் அனுமதிப்பதையும், அதில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றினால் போதும் என்பதையும் வேறொரு நிறுவனத்தின் நண்பர்தான் விதியைப் படித்துக் காட்டி விளக்கினார். அதை வைத்தே எங்கள் இயக்குநர் குழுவிடம் மூன்றாண்டு ஒப்புதல் பெற்றேன்.

ஐவருக்கும் பொதுவான ஒரே அறிக்கைப் படிவத்துக்கு மூவர் இசைந்தோம். மற்ற இருவரின் தணிக்கைப் பிரிவு இன்னும் இசையவில்லை. இப்போது என் அறிக்கையின் முதல் பக்கத்தில் மாணவர் எண்ணிக்கை இல்லை. தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கப் பெற்றோர் தாமே தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டு நகல் இருக்கிறது.