பால்கனிக்கு வந்த கூகை

ராத்திரி காயப்போட்ட துணியை எடுக்கக் கதவைத் திறந்தால், பால்கனிக் கம்பியில் ஒரு கூகை, ஆந்தையில் ஒரு வகை! கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். இதய வடிவ வெள்ளை முகம், அதில் கன்னங்கரேலென்று இரண்டு கண்கள். நான் ஓரடி நகர்ந்தேன். உடம்பு அசையவில்லை, தலை மட்டும் என் கூடவே திரும்பியது. ஆந்தைகளால் நம்மைப் போல் கண்ணை உருட்ட முடியாது. அதை ஈடுகட்டத்தான் தலை 270 டிகிரி வரை திரும்புகிறது. நம் கழுத்தில் 7 எலும்பு, அதற்கு 14.

பறந்து போனபோது இறக்கைச் சத்தமே கேட்கவில்லை. இறகின் ஓரம் சீப்புப் பல் மாதிரி நுணுக்கமாகப் பிரிந்திருப்பதால் காற்றின் ஓசை அடங்கிவிடுகிறது. படித்திருக்கிறேன், ஆனால் நேரில் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது.

காலையில் கீழே ஒரு கறுப்பு உருண்டை கிடந்தது. எச்சம் இல்லை, செரிக்காத முடியையும் எலும்பையும் சேர்த்து அது வாய்வழியே கக்கியது. குச்சியால் பிரித்தேன். உடையாத ஒரு எலி மண்டையோடு, மஞ்சள் பற்களோடு!

அப்புறம் ஒன்று. தயவுசெய்து எலிக்கு விஷம் வைக்காதீர்கள். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகக்கூடும்.