காக்கைக் கூட்டின் எதிரே படித்த பதினொன்றாம் அலகு

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தேர்வுக்குப் படிக்கும் பலர், பரிணாமமும் நடத்தையும் வரும் பதினொன்றாம் அலகைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். கதை போல இருக்கிறது, ஒரு மூச்சில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான். முதல் முறை கோட்டைவிட்டதில் அதற்கும் பங்கு உண்டு.

மாதிரித் தேர்வு ஒன்றில், "குயில் குஞ்சு பொரிந்ததும் காக முட்டைகளை வெளியே தள்ளிவிடும்" என்ற கூற்றைச் சரி என்று குறித்தேன். அது, குயிலைப் போலவே பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் ஐரோப்பாவின் குக்கூ என்ற பறவையின் குஞ்சு செய்யும் வேலை. நம் ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. புத்தகத்தில் குக்கூ என்று இருந்ததை மனத்துக்குள் குயில் என்று மாற்றிப் படித்ததால் வந்த வினை.

அதன் பிறகு தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். எதிரே வேப்பமரத்தில் காகக் கூடு. குச்சிகளுக்கு நடுவே கட்டுக்கம்பித் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, கறுத்த ஆண் குயில் வந்து கத்தியது. காகங்கள் இரண்டும் அதைக் கடற்கரைப் பக்கம் விரட்டிக்கொண்டு போயின. இலைக்குள் பதுங்கியிருந்த புள்ளி போட்ட பெண் குயில் கூட்டில் இறங்கி, நான் தேநீர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டது. ஆயாவிடம் சொன்னேன். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறார்கள். முட்டையை மட்டும் பார்க்காதா?" என்று கேட்டார். பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

பார்க்கிற பறவை எதை வைத்து அடையாளம் காண்கிறது? கூட்டில் எந்த முட்டை மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருக்கிறதோ அதைத்தான் தள்ளுகிறது என்றார் ஜெர்மன் ஆய்வாளர் ரென்ஷ், 1925இல். 1970களில் ஆய்வாளர் ரோத்ஸ்டீன் அமெரிக்காவின் கேட்பேர்டு என்ற பறவையின் கூடுகளில் முட்டைகளை மாற்றிவைத்தார். சொந்த முட்டை சிறுபான்மையாக இருந்தபோதும் பறவை அந்நிய முட்டைகளையே எறிந்தது. ஆகவே தன் முட்டை எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியும். 'ஒரே ஒரு சொந்த முட்டை, மற்றவை அந்நியம்' என்று வினா வந்தால், இந்த இரண்டு விளக்கங்களையும் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள் என்று பொருள். தன் முட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற பறவையும் உண்டு: அமெரிக்க நாமக்கோழி. அங்கே திருட்டுத்தனமாக முட்டையிடுவது அதே இனத்துப் பறவைதான்.

எனக்கு அதிக நாள் பிடித்தது அடுத்த இடம். தெரிந்தும் ஏன் சில பறவைகள் தள்ளுவதில்லை? ஏற்பு வரம்பு, அதாவது எவ்வளவு மாறுபட்ட முட்டை வரை பறவை ஏற்கும் என்ற எல்லை பற்றிய கருத்தை நான்கு முறை படித்தும் தலையில் ஏறவில்லை. பிறகு நெகட்டிவ் மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டேன். சி பிரிவில் சரியான விடைக்கு 4, தவறினால் 1 போகும். தவறுக்கு என்ன விலை என்று பார்த்துத்தான் துணிகிறோம். பறவைக்கும் இரு பக்கமும் தவறு உண்டு. அந்நிய முட்டையை விட்டுவைத்தால் ஒரு நஷ்டம். சொந்த முட்டையைத் தவறாக எறிந்தால், அல்லது கொத்தும்போது உடைத்துக்கொண்டால் இன்னொரு நஷ்டம். ஒட்டுண்ணி, அதாவது பிறர் கூட்டில் முட்டையிடும் பறவை, அரிதாக வரும் இடத்தில் சும்மா இருப்பதே லாபம். இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் டேவிஸும் புரூக்கும் நாணல் கதிர்க்குருவியின் கூட்டருகே பாடம்செய்த குக்கூவை வைத்தபோது, அது முட்டையைத் தள்ளுவது கூடியது. முட்டை அதேதான், சந்தேகம் மட்டும் ஏறியிருக்கிறது. வரம்பு நகர்வது என்றால் இதுதான்.

நீல முட்டையிடும் டன்னக் என்ற சிட்டு, புள்ளி போட்ட குக்கூ முட்டையைக்கூட அடைகாக்கிறது. தள்ளும் பழக்கம் பரிணாமத்தில் இன்னும் தோன்றவில்லை என்பது ஒரு விளக்கம். தள்ளுவதற்கான செலவு அதிகம் என்பது மற்றொன்று. நம் காகத்துக்கும் இரண்டையும் எழுதிப் பாருங்கள். நான் இரண்டாம் முறை தேறினேன்.

ஜூலைக் கடைசியில் மாடிக் கைப்பிடிச் சுவரில், வாயைப் பிளந்த குயில் குஞ்சுக்குக் காகம் இட்லித் துண்டை ஊட்டிக்கொண்டிருந்தது. ஆயா உள்ளே போய் இன்னொரு துண்டு எடுத்துவந்து வைத்தார்.