கார் எடுத்தது நான், பில் வந்தது அப்பாவுக்கு

அவுஸ்திரேலியாவின் கடலோரப் பாதையான கிரேட் ஓஷன் றோட்டில் ஒருமுறையாவது போக வேண்டும் என்பது மனைவியின் ஆசை. மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் இருக்கும் மச்சான், "என்ட காரையே கொண்டுபோ" என்றான். அவன் வேலைக்குப் போவதும் அதே காரில்தான். மூன்று நாள் அவனை பஸ்ஸுக்கு அலையவிட மனம் வரவில்லை. வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடியே ஒரு வாடகைக் காரைப் பதிவு செய்தேன்.

முதல் வேலை சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம். பெயரில் இன்னமும் சிலோனை விடாமல் வைத்திருக்கும் ஒட்டோமொபைல் அசோசியேஷனில்தான் அதைக் கொடுக்கிறார்கள். காலிமுகத்திடலுக்குக் கிட்ட, சேர் மொஹமட் மாக்கான் மாக்கார் மாவத்தையில் இருக்கிறது. லைசன்ஸ், கடவுச்சீட்டு, படங்கள், கட்டணம், அவ்வளவுதான். உங்கள் லைசன்ஸைப் பல மொழிகளில் சொல்லும் சின்னப் புத்தகம் அது. அதை மட்டும் காட்டி ஓட முடியாது, லைசன்ஸும் கையில் இருக்க வேண்டும். ஒரு வருடம் செல்லும்.

அங்கே பத்திரங்களை மேசையில் அடுக்கியபோதுதான் சிக்கலைக் கண்டேன். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. லைசன்ஸில் அதே பெயர் என் பெயருக்கு முன்னால் நிற்கிறது. கடனட்டையில் அப்பா ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போயிருந்தார். எங்கள் ஆட்களுக்கு இது சாதாரணம். ஆனால் கார் தருகிறவர்களின் நிபந்தனைகளில், அடியில் சின்ன எழுத்தில், கடனட்டை சாரதியின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. டெபிட் கார்டும் எடுக்க மாட்டார்களாம்.

வங்கிக்குப் போனேன். முழுப் பெயரும் அட்டையில் கொள்ளாது என்றார்கள். கடைசியில், அட்டைக்காரரும் கடவுச்சீட்டுக்காரரும் ஒரே ஆள்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து, றப்பர் முத்திரை குத்தித் தந்தார்கள். வெளிநாட்டில் அட்டை வேலை செய்யவும் அப்போதே சொல்லி வைத்தேன்.

மெல்பேர்ன் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பிள்ளை மூன்றையும் மாறி மாறிப் பார்த்தது. மேலாளரைக் கூப்பிட்டது. நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். இந்தக் காலத்தில் அந்த ஊரில் றப்பர் முத்திரைக்கு இவ்வளவு மரியாதை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சரி என்று பிணைப்பணத்தை அட்டையில் முடக்கிவிட்டுச் சாவியைத் தந்தார்கள்.

அதற்கு முன் காப்புறுதிப் பேச்சு. காருக்கு ஏதும் நடந்தால் முதலில் நம் தலையில் விழும் தொகையை அங்கே 'எக்ஸஸ்' என்கிறார்கள். என் பதிவில் அது 5,000 டொலர், நம் காசில் ஏறக்குறைய பத்து லட்சம். நாளுக்கு இவ்வளவு என்று மேலதிகமாகக் கட்டினால் குறையும். தனியாகப் பயணக் காப்புறுதி எடுப்பது மலிவு, ஆனால் முதலில் நீங்களே கட்டிவிட்டு அப்புறம்தான் கேட்டு வாங்க வேண்டும். பத்து லட்சத்தை முதலில் கட்ட எனக்கு வழியில்லை, அதனால் கவுண்டரிலேயே கட்டினேன். கிறவல் பாதையில் ஓடினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை என்றார்கள். காரைச் சுற்றி வந்து கீறல்களை வீடியோ எடுத்த பிறகே ஏறினேன்.

ஓட்டம் எங்களுக்குப் புதிதில்லை. அங்கேயும் இடப்பக்கம்தான். மற்ற நாட்டவர்களுக்காக 'இடப்பக்கம் ஓடுங்கள்' என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். பாதை தொடங்கும் டோர்கீயிலிருந்து மேற்கே போனால் கடல் நம் பக்கமே வரும், காலியிலிருந்து கொழும்புக்கு வருவதைப் போல. வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடங்களுக்கு வீதியைக் குறுக்கே வெட்டத் தேவையில்லை. அதனால் அந்தத் திசையில் போவதுதான் நல்லது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை பெரும்பாலும் கையாலேயே வெட்டிய பாதை அது. சில வளைவுகளில் மனைவி பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அப்பலோ பேயில் இரவு தங்கினோம். பொழுதுபட்ட பிறகு கங்காரு வீதிக்குள் பாயும், ஓடாதே என்று மச்சான் சொல்லியிருந்தான். அடுத்த நாள், கடலுக்குள் நிற்கும் பாறைத் தூண்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களைப் பார்த்தோம். பெயர்தான் பன்னிரண்டு. 2005 இல் ஒரு பாறைத் தூண் கண்முன்னே சரிந்தது என்கிறார்கள். திரும்பும்போது கரையோரம் வராமல் கோலாக் வழியாக உள்ளே வந்தோம். மச்சான் வீட்டுக்குப் போக நகரத்துச் சுரங்கப்பாதையால் போனேன். தெற்கு அதிவேகப் பாதையில் டிக்கெட் எடுத்துக் காசு கொடுத்துப் பழகிய எனக்கு, காசு வாங்க ஆளில்லாத பாதையும் கட்டணப் பாதைதான் என்று அப்போது தெரியவில்லை.

கொழும்புக்கு வந்து மூன்று கிழமைக்குப் பிறகு மின்னஞ்சல் வந்தது. சுரங்கப்பாதைக் கட்டணம், அதற்கு மேல் கார்க் கம்பெனியின் சேவைக் கட்டணம். திரு என்று போட்டு அப்பாவின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் காட்டினேன். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷன், கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நான் எப்பயடா அங்க கார் ஓடினனான்?"