பழைய ப்ரோச்சா? முதலில் திருப்பிப் பாருங்கள்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் "விக்டோரியா காலத்து அசல்" என்று ஒரு ப்ரோச்சை, அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகையை, நீட்டினால், எல்லோரும் கல்லைத்தான் பார்ப்பார்கள். கல்லை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கட்டியிருக்கலாம். வயது தெரிவது பின்பக்கத்தில். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸான லூப், சின்ன டார்ச், ஒரு வெள்ளைத் தாள் போதும்.

விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து ப்ரோச்சில் பெரும்பாலும் ஊசிமுனை வெறும் 'சி' வடிவக் கொக்கியில் போய் உட்காரும், பூட்டு இருக்காது. ஊசி தடிமன். பல நகைகளில் அது விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சுழன்று மூடும் சேஃப்டி கேட்ச் இருந்தால், நகையே 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இல்லையென்றால் கொக்கியைப் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் பற்றவைத்த தடம் லூப்பில் தெரியும். 'சி' கொக்கியை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், இன்றைய மலிவு நகைகளிலும் அது வருகிறது.

15 காரட் முத்திரை இருந்தால் நல்லது. பிரிட்டனில் அந்தத் தரத் தங்கம் 1854 முதல் 1932 வரைதான் புழக்கத்தில் இருந்தது. முத்திரையே இல்லாத அசல் நகைகளும் ஏராளம். மும்பையின் நகைக்கடை வீதியான ஜவேரி பஜாரில், எக்ஸ்ரேயால் தங்கத்தின் தரம் பார்க்கும் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அந்த எக்ஸ்ரே மேற்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும். கீலின் அடியிலும் தேய்ந்த விளிம்பிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கல். சிவப்போ பச்சையோ நீலமோ, நகையை வெள்ளைத் தாளில் குப்புறக் கவிழ்த்து டார்ச் அடியுங்கள். கல்லின் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தால், அது கண்ணாடி மேல் கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் மெல்லிய சில்லை உருக்கி ஒட்டிய டப்லெட். 19ஆம் நூற்றாண்டில் நிறையச் செய்தார்கள், அதனால் அது பிற்காலப் போலி என்று அர்த்தமில்லை. விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சிவப்பு நிற டப்லெட்டில் இந்த வளையம் கண்ணுக்குத் தப்பும், அங்கே லூப்பில் ஒட்டிய இடத்துக் குமிழிகளைத் தேடுங்கள். மாணிக்கத்துக்குள் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வெர்நூயி முறையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல். அந்த முறை வெளியானதே 1902இல்.

அதிகம் பாழாவது சுத்தம் செய்யும்போதுதான். பின்பக்கம் மூடிய கட்டாக இருந்தால் கல்லுக்கு அடியில் பளபளப்புத் தகடு இருக்கக்கூடும், குந்தன் நகையில் இருப்பது போலவே. சோப்புத் தண்ணீரில் முக்கினால் ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும், கல் செத்துப்போகும். அல்ட்ராசோனிக் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பக்கமே போகாதீர்கள். மென்மையான காய்ந்த பிரஷ் போதும். டர்க்காய்ஸ் என்ற நீலக் கல், எண்ணெய், வியர்வை, சென்ட் எல்லாவற்றையும் உறிஞ்சிப் பச்சையாகிவிடும். சென்ட் போட்டுக் காய்ந்த பிறகு குத்துங்கள். முத்துக்கும் அதேதான்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்முன் பின்னால் சாம்பல் நிறத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஈயப் பற்று அது. அதை எடுக்காமல் நெருப்புக் காட்டினால் ஈயம் தங்கத்தை அரித்துக் குழி விழும். கார்னெட்டும் ஓபலும் விரிசல் விடும். அதனால் லேசர் வெல்டிங் உள்ள பட்டறையில், பழைய கொக்கியை மாற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். மாற்றினால் வசதிதான், ஆனால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

மாட்டுங்கா கல்யாணத்துக்குக் காஞ்சிப் பட்டில் குத்த ஆசைப்படுபவர்களுக்கு: தடித்த ஊசி பட்டில் போடும் துளை மறையாது. பருத்தி ரவிக்கையின் தோளிலோ கோட்டிலோ குத்துங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், தோட்டுக்குப் பின்னால் போடும் ரப்பர் திருகு ஒன்றைச் செருகினால் ஊசி கழன்றுவிடாது.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால், 100 ஆண்டு தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.