அரசு லேப்டாப்புக்கு எட்டு ஜிபி

1 ஜூன் 2025, ஞாயிறு

பரணில் கிடந்த லேப்டாப்பை இன்று இறக்கினேன். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. மூடியில் கோபுர முத்திரை இன்னும் அழியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான். கல்லூரிப் புராஜெக்ட், வேலைக்கு அனுப்பிய முதல் விண்ணப்பம், தம்பியின் நுழைவுச்சீட்டு, எல்லாம் இதில் செய்தவை.

இறக்கியது அம்மாவுக்காக. மகளிர் குழுவில் அம்மாதான் ஊக்குநர். பதினைந்து பேரின் சேமிப்பையும் கடனையும் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் இரவு பதினொரு மணிவரை கூட்டிக்கொண்டு இருப்பார். போன வாரம் ஒரு நாள் கேட்டார்: "உன் பழைய பெட்டி இன்னும் ஓடுமா பாப்பா?"

ஓடியது. ஆனால் திரை முழுசாக வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. பிரவுசரைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருந்தது.

3 ஜூன், செவ்வாய்

உள்ளே என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். பிராசஸர் பென்டியம் பி960, இரண்டு கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ். ரேம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், 2 ஜிபி. ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், அரசு கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம்.

ரேமை மட்டும் கூட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போதாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் (அதிக ரேமைக் கையாள முடியாத பழைய வகை) மட்டுமே வந்தது, அதுவும் 2 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடாது. எட்டு ஜிபி போட்டாலும் ஆறு ஜிபி சும்மாதான் கிடக்கும். வால்பேப்பரைக்கூட மாற்றவிடாத பதிப்பு அது. அந்த வயதில் அதற்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! பிராசஸரோ 64 பிட். 16 ஜிபி வரை தாங்கும் என்று இன்டெல்லின் பட்டியலிலேயே இருக்கிறது. இத்தனை வருஷமும் இயந்திரம் தயாராகத்தான் இருந்திருக்கிறது, பூட்டு மென்பொருளில் இருந்தது. ஆகவே ரேம், ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைத்தெருவில் சர்வீஸ் செய்கிறவரிடம் கேட்டதற்கு, "எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கக்கா" என்றார். எனக்கு மனசு வரவில்லை. கணக்கு எழுதவும் நாலு வீடியோ பார்க்கவும் முப்பதாயிரம் ரூபாய் எதற்கு?

5 ஜூன், வியாழன்

எந்த ஓஎஸ் என்பதில் அதிக நேரம் குழம்பவில்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இதில் கிடையாது, பிராசஸரும் அதன் பட்டியலில் இல்லை. பாஸ் லினக்ஸ் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, முதன்முதலில் தமிழில் டைப் அடித்தது அதில்தான். ஆனால் அம்மா தனியாக இருக்கும்போது ஏதாவது நின்றுபோனால், தேடினால் உடனே பதில் கிடைக்க வேண்டும். அதனால் லினக்ஸ் மின்ட் 22.1, பழைய கம்ப்யூட்டருக்கும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும்.

8 ஜூன், ஞாயிறு

முழு நாளும் பேக்கப். பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரு ஃபைலைக்கூட விட மனமில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. நடுவில் பள்ளியில் லேப்டாப் வாங்கிய நாளின் போட்டோ கிடைத்தது. மைதானத்தில் வரிசையாக நிற்கிறோம், ஆளுக்கு ஒரு பையை நெஞ்சோடு அணைத்தபடி. அப்புறம் ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை.

பழைய தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைத்தேன்.

11 ஜூன், புதன்

தம்பி சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி அனுப்பிய பார்சல் வந்தது. 4 ஜிபி ரேம் இரண்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட, அதைவிட வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. ரேம் செகண்ட் ஹேண்ட், டிடிஆர்3எல் என்ற குறைந்த மின்னழுத்த வகை. எங்கள் ஸ்லாட் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5-லும் ஓடும் என்பதால் பயமில்லை. டிடிஆர்4 மட்டும் வாங்கிவிடாதே என்று தம்பியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அடுத்த தலைமுறை ரேம் அது, விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளேயே போகாது.

14 ஜூன், சனி

பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தேன், மிச்ச மின்சாரம் போவதற்கு. அடிமூடியில் இரண்டு ஸ்க்ரூ. திறந்தால் பன்னிரண்டு வருஷத் தூசி, ஃபேன் பக்கம் பஞ்சு மாதிரி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பழைய ரேமின் இரு பக்கக் கொக்கிகளையும் நகத்தால் விலக்கியதும் அதுவே சாய்ந்து எழுந்தது. புதியதின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்தேன். வெட்டைப் பார்த்துப் பொருத்தி, சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினேன். டிக். அந்தச் சத்தம் கேட்கும்வரை மூச்சு விடவில்லை.

பயாஸில் (ஓஎஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) 8192 எம்பி, அதாவது எட்டு ஜிபி, என்று வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எதையும் நிறுவும் முன், ரேமில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓடவிட்டேன். செகண்ட் ஹேண்ட் ரேமுக்கு இதைச் செய்யாமல் விடவே கூடாது. நாற்பதாவது நிமிடம் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தேன். ஒன்று சுத்தம், மற்றது பழுது. சோதிக்காமல் விட்டிருந்தால், என்றோ ஒரு நாள் அம்மாவின் கணக்கில் ஒரு எண் தானாக மாறியிருக்கும். நினைக்கவே பிடிக்கவில்லை.

20 ஜூன், வெள்ளி

தம்பி கேட்டதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்திருக்கிறார். புது ரேம் நேற்று வந்தது, இரவு முழுக்க மெம்டெஸ்ட். காலையில் எழுந்து பார்த்தால் பிழை பூஜ்யம்.

21 ஜூன், சனி

ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி, அதில் மின்ட் ஏறிவிட்டது. பென்டிரைவிலிருந்து எஸ்எஸ்டிக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வைஃபை மட்டும் தெரியவில்லை. போனை யூஎஸ்பியில் மாட்டி அதன் நெட்டைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கியதும் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கும்போதே டைம்ஷிஃப்டில் சிஸ்டத்தை ஒரு பிரதி எடுத்து வைத்தேன், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப.

பட்டனை அழுத்தி முப்பத்தெட்டு நொடியில் டெஸ்க்டாப். அதே பென்டியம், அதே தாய்ப்பலகை. பிரவுசரில் ஆறு டேப் திறந்து வைத்தும் மூன்று ஜிபிதான் ஓடுகிறது. வீடியோ 480பி தரத்தில் நன்றாக ஓடுகிறது, அதற்கு மேல் போனால் திணறுகிறது.

22 ஜூன், ஞாயிறு

எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் அம்மாவின் நோட்டைப் போலவே கட்டம் போட்டேன். பெயர், சந்தா, கடன், வட்டி, மீதி. கூட்டல் தானாக வரும்.

தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் ச அடித்தார், ந அடித்தார், த அடித்தார். நடுவில் புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தார். அப்புறம் ஆ.

சந்தா.

"புள்ளி நான் வைக்கலையே?" என்றார். அது தானே வைத்துக்கொள்ளும் என்றேன். முதல் வரியில் தன் பெயரை அடிக்கத் தொடங்கிவிட்டார். பேட்டரி இருபது நிமிடம்கூட நிற்கவில்லை, தம்பியிடம் சொல்ல வேண்டும்.