பெருநாடிப் பக்கம் விளிம்பில்லாத ஏ.எஸ்.டி.: டிவைஸை உட்கார வைப்பது

ஏ.எஸ்.டி. (இதய மேலறைகளுக்கு இடையேயான சுவரில் உள்ள ஓட்டை) கேஸில், எக்கோ ரிப்போர்ட்டில் 'பெருநாடி ஓர விளிம்பு இல்லை' என்று இருந்தாலே பலர் கேஸை அறுவைக்குத் தள்ளிவிடுகிறார்கள். 5 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த விளிம்பு போதாது என்பது கணக்கு. ஆனால் பெருநாடிப் பக்கம் சுத்தமாக இல்லாவிட்டாலும் டிவைஸ் (ஓட்டையை அடைக்கும், நடுவில் இடுப்பும் இரு பக்கமும் தட்டும் கொண்ட சாதனம்) பெருநாடியைக் கவட்டைபோல் இரு பக்கமும் பிடித்து நின்றுவிடும். கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கம் பிடிமானம் இல்லையென்றால்தான் கழன்று போகும். டி.இ.இ.யில் (உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ) அந்தக் கீழ் விளிம்பைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் டிவைஸ் டப்பாவைப் பிரிப்பதில்லை.

ஓட்டையை அளக்கும் சைசிங் பலூனை ஊதும்போது கலர் டாப்ளரில் கசிவு நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஊதினால் மெல்லிய விளிம்பு விரிந்து பொய் அளவு காட்டும். அந்த அளவுக்கு மேல் 1–2 மி.மீ. போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரியதாக எடுத்தால், அது மேலறைக் கூரையையும் பெருநாடியையும் நாளடைவில் உரசி அரித்துவிடலாம்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் கிலோவுக்கு 100 யூனிட், ஏ.சி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 250 விநாடிக்கு மேல். ஷீத்தின் (டிவைஸைக் கொண்டுபோகும் குழாய்) பின்முனையை இதய மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, ரத்தம் தானாக வடிந்து வர விடுங்கள். சிரிஞ்சால் வேகமாக உறிஞ்சினால் காற்று புகும். அது பெரும்பாலும் வலது கரோனரி ரத்தக்குழாய்க்குப் போகும்; இ.சி.ஜி.யில் 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. ஏறும்.

எங்களுக்குத் திணறல் தொடங்குவது இடது தட்டை விரித்த பிறகு. தட்டு சுவருக்கு இணையாகப் படுக்காமல் செங்குத்தாக நிற்கும். தடுக்க விளிம்பு இல்லாததால் அதன் முன் ஓரம் வலது மேலறைக்குள் நழுவும். முதலில் இடது மேல் நுரையீரல் சிரையின் வாயில் தட்டை விரித்து, தாமதிக்காமல் ஷீத்தை இழுத்து இடுப்பையும் வலது தட்டையும் திறந்து பார்ப்போம். சிரைக்குள் ஆழமாகப் போகக் கூடாது. தட்டு நாகப்படம்போல் கோணிக்கொண்டால் உள்ளே இழுத்து மறுபடி விரிக்க வேண்டியதுதான். அடுத்தது வலது மேல் நுரையீரல் சிரை. அதுவும் கைகொடுக்காவிட்டால், மறு தொடையில் இன்னொரு ஷீத் போட்டு, ஓட்டையில் பலூனை ஊதி முட்டுக் கொடுத்தபடியே இரண்டு தட்டையும் விரித்துவிட்டு, பலூனை ஒரேயடியாக இறக்கிவிடாமல் சிறிது சிறிதாகச் சுருக்குவோம். அவசரப்பட்டால் அந்த நொடியிலேயே டிவைஸ் நழுவும்.

டிவைஸைத் தாங்கும் கேபிளைத் தள்ளி இழுத்துப் பார்த்து, மைட்ரல் வால்வும் நுரையீரல் சிரைகளும் இடிபடவில்லை என்று உறுதியான பிறகே இடஞ்சுழியாகத் திருகி விடுவிப்போம். கேபிளின் இழுப்பு போனதும் டிவைஸ் கொஞ்சம் திரும்பிப் படுக்கும், அது வழக்கம்தான்.

ஆஸ்பிரின் 6 மாதம். வாரங்கள் கழித்துக்கூட நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்று வந்தால், அன்றே எக்கோ எடுத்து இதய உறைக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.